பறவை விரட்டும் வெடித் தோட்டா: சத்தம் எங்கே வெடிக்கிறது என்பதில்தான் விஷயம்

பறவை விரட்டும் வெடித் தோட்டா என்றதும் முதலில் எழும் கேள்வி, "பறவையைச் சுட்டுத் தள்ளுவதா?" என்பதுதான். இல்லை. இந்தத் தோட்டாவில் ஈயக் குண்டு கிடையாது. கொஞ்சம் வெடிமருந்து, மெதுவாக எரிகிற ஒரு திரி, சுற்றிலும் அட்டை அல்லது பிளாஸ்டிக் கூடு, அவ்வளவுதான். துப்பாக்கி மாதிரி இருக்கும் ஒரு கருவியில் செருகி விசையை இழுத்தால் அது பறந்துபோய் வானத்தில் வெடிக்கும். விமான நிலையம், பழத்தோட்டம், மீன் பண்ணை, குப்பைக் கிடங்கு என்று பறவைக் கூட்டம் தொல்லையாகவோ ஆபத்தாகவோ மாறுகிற இடங்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, சத்தம்தானே வேண்டும்? நின்ற இடத்திலேயே ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டால் ஆகாதா? எதற்காக மெனக்கெட்டு அதைப் பறக்கவிட வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மீதி தானாகவே புரியும். திறந்தவெளியில் ஒரு சத்தம் புறப்பட்ட இடத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் அது சுமார் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைகிறது. தூரம் பத்து மடங்கானால் 20 டெசிபல் குறைகிறது. 100 மீட்டர் தள்ளி ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். உங்கள் காலடியில் வெடித்தால் சத்தம் 100 மீட்டர் நடந்து களைத்துத்தான் அங்கே போய்ச் சேரும். அதே வெடி கூட்டத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி வெடித்தால் பறவைக்குக் கேட்பது 20 டெசிபல் கூடுதல். ஒலி அழுத்தத்தில் சொன்னால் பத்து மடங்கு. உங்கள் காதுக்கோ நேர் எதிர்: காலடியில் வெடித்தால் காது கெட்டுப்போகலாம், தூரத்தில் வெடித்தால் ஓரளவு தப்பலாம்.

அளவைவிட முக்கியமானது திசை. மனிதன் நிற்கிற பக்கத்திலிருந்து வரும் சத்தத்தைப் பறவை தூரத்தில் வைத்தே எடைபோட்டுவிடும். தலையைத் தூக்கிப் பார்க்கும், ஆள் கிட்டே வரவில்லை என்று தெரிந்தால் மறுபடி மேயும். ஆனால் ஒரு நொடி முன்புவரை ஒன்றுமே இல்லாத வானத்தில், தன் பக்கத்திலேயே ஒரு வெளிச்சமும் புகையும் சத்தமும் கிளம்பினால் எடைபோட நேரம் இருக்காது. முதலில் பறப்போம், அப்புறம் பார்ப்போம் என்று எழும்பிவிடும். ஆக, இந்தத் தோட்டா சத்தத்தைப் பெரிதாக்கும் கருவி அல்ல, சத்தத்தை இடம் மாற்றும் கருவி.

உள்ளே என்ன நடக்கிறது

பரவலாகப் புழங்குவது 15 மில்லிமீட்டர் வகை. விரல் பருமனில் ஒரு சின்னக் குழாய். இதை ஏவுவதற்கு ஒரு கைத்துப்பாக்கி போன்ற கருவி உண்டு. அதன் வாய்ப்பகுதியில் ஒரு கிண்ணம். தோட்டாவை அதில் செருக வேண்டும். பின்னால், வழக்கமாகக் குண்டு இருக்கும் இடத்தில், குண்டில்லாமல் மருந்து மட்டும் உள்ள 6 மில்லிமீட்டர் வெற்றுத் தோட்டா ஒன்று இருக்கும். விசையை இழுத்ததும் வெற்றுத் தோட்டா வெடிக்கிறது. அதிலிருந்து பீறிடும் சூடான வாயு ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. தோட்டாவை வெளியே தள்ளுகிறது, அதன் அடிப்பாகத்தில் இருக்கும் திரியையும் பற்றவைக்கிறது.

கையில் பிடித்திருப்பவருக்கு அந்த நேரத்தில் ஒரு 'பட்' சத்தமும் லேசான உதறலும். பிறகு ஒரு பொறி மேல்நோக்கிச் சாய்வாகப் போவது தெரியும். ஒன்றிரண்டு நொடி எதுவும் நடக்காது. புதிதாகச் சுடுபவர்கள் 'புஸ்வாணம் ஆகிவிட்டதோ' என்று கையைத் தாழ்த்துவது இந்த இடைவெளியில்தான். திரி எரிந்து முடிந்து நெருப்பு உள்ளே இருக்கும் மருந்தைத் தொட்டதும் ஒரு வெள்ளை மின்னல், உருண்டையாக ஒரு புகை, அதற்குப் பிறகு சத்தம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்பதால், 50 மீட்டரில் வெடித்தால்கூட வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே கவனித்தால் தெரிகிற ஒரு சின்ன இடைவெளி இருக்கும்.

அந்தத் திரியின் நீளம்தான் இந்தப் பொருளின் மூளை. சீக்கிரம் எரிந்தால் ஏவியவரின் பக்கத்திலேயே வெடிக்கும். மெதுவாக எரிந்தால் தரையில் விழுந்து புல்லுக்குள் வெடிக்கும். ஈரம் பட்டுக் கெட்டுப்போன சரக்கில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான், அல்லது வெடிக்கவே வெடிக்காது.

இந்த 15 மில்லிமீட்டர் வகையிலேயே இன்னொன்று, ஊளையிட்டுக்கொண்டே போவது. இது கடைசியில் ஒருமுறை வெடிப்பதற்குப் பதில், போகிற வழியெல்லாம் கிறீச்சிட்டுக்கொண்டு கோணல்மாணலாகப் பறக்கும். அந்த ஊளை எப்படி வருகிறது என்பது கேட்க ருசியான விஷயம். குழாயில் இறுக்கி அடைத்த ஒரு தனிவகை மருந்து சீராக எரிவதில்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை விட்டுவிட்டுத் துடித்து எரிகிறது. அந்தத் துடிப்பும் குழாயின் காலிப் பகுதியும் சேர்ந்து புல்லாங்குழல் போல ஒலிக்கின்றன. மருந்து எரிய எரிய காலிப் பகுதி நீள்கிறது, அதனால் சுருதி இறங்கிக்கொண்டே வரும். உச்சத்தில் தொடங்கிக் கீழே இழுபடும் அந்த ஊளைக்குக் காரணம் இதுதான்.

வெடிக்கும் வகை சுமாராக 25 முதல் 50 மீட்டர் வரை போகும். ஊளைவகை இன்னும் கொஞ்சம் கூடப் போகும். இதற்கு மேல் தூரம் வேண்டுமானால் 12 போர் (குழல் விட்டத்தைக் குறிக்கும் அளவு) துப்பாக்கியில் போட்டுச் சுடும் வகை இருக்கிறது. அது 70 முதல் 100 மீட்டர் தள்ளி வெடிக்கும். விமான நிலையங்களுக்கென்றே 300 மீட்டர் வரை போகும் பெரிய ரகமும் உண்டு, அதற்குத் தனி ஏவுகருவி வேண்டும்.

பறவைக்கு என்ன கேட்கிறது

பறவைகளின் காது மனிதக் காதைவிடக் கூர்மையானது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலான பறவைகளுக்கு 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி நன்றாகக் கேட்கும். அதற்கு மேல் போகப் போகக் கேட்கும் திறன் சரசரவென்று குறைந்துவிடும். மனிதனுக்குக் கேட்காத மீயொலியால் பறவையை விரட்டுவதாகச் சொல்லி விற்கும் பெட்டிகள் ஏன் ஏமாற்றம் தருகின்றன என்பது இப்போது புரிந்திருக்கும். உங்களுக்குக் கேட்காத மீயொலி பறவைக்கும் கேட்காது. வெடியின் சத்தமோ எல்லா அலைவரிசையிலும் சிதறுவது, அதனால் பறவையின் காதுக்குத் தப்பாது.

எல்லாப் பறவையும் ஒரே மாதிரி பயப்படுவதில்லை. கடற்காகங்களைக் கவனியுங்கள். வெடித்த உடனே மொத்தமாக எழும்பும். ஆனால் ஓடிவிடாது. அதே இடத்துக்கு மேலே வட்டமடித்து, கத்திக்கொண்டு, நடந்தது என்ன என்று விசாரணை நடத்தும். ஒன்றிரண்டு நிமிடத்தில் எதுவும் தொடரவில்லை என்றால் மறுபடி இறங்கிவிடும். அனுபவசாலிகள் முதல் வெடியோடு நிறுத்த மாட்டார்கள். வட்டமடிக்கும் நேரத்தில் இரண்டாவதைப் போடுவார்கள். உட்கார்ந்திருந்தபோதும் ஆபத்து, பறந்தபோதும் ஆபத்து என்றால்தான் இடத்தைக் காலி செய்வது என்ற முடிவுக்கு அவை வரும்.

வெடி போடுவதற்கு முன்னால், மாட்டிக்கொண்ட பறவையின் அலறலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போடுவதும் ஒரு வழி. கடற்காகங்களும் காகங்களும் அதைக் கேட்டால் முதலில் கிட்டே வரும். தன் இனத்தில் ஒன்றுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வருபவை அவை. அப்படி எழும்பி வந்த நேரத்தில் ஒரு வெடி விழுந்தால், அலறலுக்கு அர்த்தம் கிடைத்துவிடும்.

'புலி வருது' கதை

இனி சிக்கலான பகுதி. இந்தத் தோட்டா வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

'புலி வருது, புலி வருது' என்று கத்திய சிறுவன் கதை தெரியுமல்லவா? பறவைகளும் அந்த ஊர்க்காரர்கள் போலத்தான். முதல் நாள் ஒரே வெடிக்கு மொத்தக் கூட்டமும் காணாமல் போகும். சில நாளில் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கும். அப்புறம் தலையை மட்டும் தூக்கும். கடைசியில் அதுவும் இல்லை. சத்தம் வருகிறது, ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன. காகம் இன்னும் ஒரு படி மேலே. எந்த வண்டியிலிருந்து ஆள் இறங்கினால் வெடி வரும், அது எவ்வளவு தூரம் வரும் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு, சரியாக அந்த எல்லைக்கு வெளியே போய் உட்காரும்.

வாயுவில் இயங்கும் தானியங்கிப் பீரங்கியோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அதை வயலில் ஒருமுறை நிறுத்திவைத்தால் குறிப்பிட்ட இடைவெளியில் தானே வெடித்துக்கொண்டிருக்கும். வசதிதான். ஆனால் ஒரே இடம், ஒரே தாளம். பறவைகள் வெகு சீக்கிரம் பழகி, வெடிக்காத நேரத்தில் அதன் மேலேயே உட்காரும் அளவுக்குப் போய்விடும். கையால் ஏவும் தோட்டாவின் பலம், பின்னால் ஒரு மனிதன் இருப்பது. எங்கே, எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து என்று மாற்றி மாற்றிச் செய்ய முடியும். அந்த மனிதனும் தினமும் காலை ஒன்பது மணிக்கு அதே மூலையில் வந்து நின்று சுட்டால், அவருக்கும் பீரங்கிக்கும் வித்தியாசம் இல்லை.

பழக்கத்தைத் தள்ளிப்போட முடியுமே தவிர, முழுக்கத் தடுக்க முடியாது. குறைவாகப் போட வேண்டும், எதிர்பாராத நேரத்தில் போட வேண்டும், வெடியும் ஊளையும் கலந்து போட வேண்டும். வேட்டைப் பறவை, நாய், லேசர் ஒளி, அலறல் பதிவு என்று வேறு வழிகளையும் இடையில் புகுத்த வேண்டும். வல்லூறு வந்தால் அது நிஜப் புலி, அதன் பிறகு சில நாளுக்கு வெடிக்கு மறுபடி மரியாதை வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், கூட்டம் வந்த முதல் நாளிலேயே தொடங்குவது. இங்கே தீனி நன்றாக இருக்கிறது என்று இரண்டு வாரம் ருசி கண்ட கூட்டத்தை விரட்டுவதற்கும், இறங்கலாமா என்று யோசிக்கும் கூட்டத்தை விரட்டுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தோட்டா வாங்கப் பணம் ஒதுக்குபவர்கள் பெட்டி எண்ணிக்கையைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். நான் சொன்னால், முதல் வாரம் விடியலிலும் மாலையிலும் களத்தில் நிற்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பறவைகள் போனதற்கு எப்போதும் வெடிதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பருவம் முடிந்து தாமாகவே கிளம்பிப் போயிருக்கலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, அதைத் தோட்டாவின் வெற்றியாகக் கணக்கில் எழுதிக்கொள்பவர்கள் நிறைய.

விமான நிலையத்தில் ஏன் இத்தனை கவனம்

தோட்டத்தில் பறவை எந்தப் பக்கம் பறந்தாலும் சரி, பழத்தை விட்டுப் போனால் போதும். ஓடுபாதையில் அப்படி இல்லை. 1960 அக்டோபர் 4 அன்று பாஸ்டன் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் 375, எழும்பிய சில நொடியில் ஸ்டார்லிங் கூட்டத்துக்குள் புகுந்தது. என்ஜின்கள் பறவைகளை விழுங்கி வலுவிழந்தன, விமானம் கடலில் விழுந்தது. 72 பேரில் 62 பேர் இறந்தார்கள். ஸ்டார்லிங் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பறவை. கூட்டமாக இருந்ததுதான் வினை.

ஆகவே விமான நிலையத்தில் தோட்டாவைப் போடுபவருக்கு முதல் கேள்வி, 'பறவை எழும்புமா' என்பதல்ல, 'எழும்பினால் எங்கே போகும்' என்பது. தரையில் அமைதியாக மேயும் கூட்டத்தைவிட, தவறான நேரத்தில் கிளப்பிவிட்ட கூட்டம் ஆபத்தானது. 1995 செப்டம்பர் 22 அன்று அலாஸ்காவின் எல்மண்டார்ஃப் விமானப்படைத் தளத்தில் நடந்தது இதற்குக் கொடிய உதாரணம். முன்னால் புறப்பட்ட ஒரு விமானம் வாத்துக் கூட்டத்தைக் கிளப்பிவிட, பின்னால் வந்த கண்காணிப்பு விமானம் அதில் மோதி விழுந்தது. 24 பேர் இறந்தார்கள். அங்கே கிளப்பிவிட்டது வெடி அல்ல, இன்னொரு விமானம். ஆனாலும் பாடம் ஒன்றுதான்.

அதனால் தோட்டாவை ஏவுபவர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசி, விமானம் வரவோ போகவோ இல்லாத இடைவெளியில்தான் சுடுவார். தான் ஓடுபாதைப் பக்கமும், பறவை வெளிப்பக்கமும் இருக்கும்படி நிற்பார். வெடி கூட்டத்துக்கும் ஓடுபாதைக்கும் நடுவில் விழ வேண்டும். கூட்டத்துக்குள் வெடித்தால் நாலாப் பக்கமும் சிதறும், பறவைக்கும் காயம்படும். காற்றையும் பார்க்க வேண்டும். பறவைகள் பெரும்பாலும் எதிர்காற்றில்தான் எழும்பும், எனவே எந்தப் பக்கம் கிளம்பும் என்று முன்கூட்டியே ஓரளவு ஊகிக்கலாம்.

தோட்டாவின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் யுஎஸ் ஏர்வேஸ் விமானம் 1549 கனடா வாத்துகளில் மோதி ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள். அந்த மோதல் நடந்தது சுமார் 850 மீட்டர் உயரத்தில், விமான நிலையத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி. இறகுகளை ஆராய்ந்தபோது அவை வலசை வந்த வாத்துகள் என்று தெரிந்தது. ஓடுபாதை ஓரத்தில் எத்தனை வெடி போட்டிருந்தாலும் அவற்றின் காதில் விழுந்திருக்காது.

வெடி பலிக்காத இடங்கள்

இறகு உதிர்க்கும் காலத்தில் வாத்து இனங்கள் பலவற்றால் சில வாரங்களுக்குப் பறக்கவே முடியாது. அப்போது வெடி போட்டால் அவை ஓடித் தண்ணீரில் விழும், அல்லது நேராக ஓடுபாதையில் நடந்து ஏறும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும் பறவையும் லேசில் நகராது. அதை விரட்டுவது பல நாடுகளில் சட்டப்படியும் தவறு. பசியும் பயமும் மோதினால் பல நேரம் பசிதான் ஜெயிக்கும். பக்கத்தில் வேறு மேய்ச்சல் இடம் இல்லை என்றால் வெடியைச் சகித்துக்கொண்டு அங்கேயே இருக்கும்.

அதனால்தான் விமான நிலையங்கள் தோட்டாவை மட்டும் நம்புவதில்லை. தேங்கும் தண்ணீரை வடிக்கிறார்கள், குப்பையை மூடுகிறார்கள். பல இடங்களில் புல்லை ஒட்ட வெட்டாமல் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு விட்டுவைக்கிறார்கள். கடற்காகம், ஆள்காட்டி போன்றவற்றுக்குச் சுற்றிலும் பார்வை மறைந்தால் பிடிக்காது, தரையில் இருக்கும் புழுவும் எளிதில் எட்டாது. சத்தமே போடாமல் புல் செய்யும் வேலை இது.

ஏவுபவருக்கு இருக்கும் ஆபத்து

விளையாட்டுப் பட்டாசு போலத் தோன்றினாலும் இது வெடிபொருள். அமெரிக்காவில் இதை வாங்கப் பொதுவாக வெடிபொருள் சட்டப்படி அனுமதி வேண்டும். மற்ற நாடுகளிலும் பெரும்பாலும் உரிமமோ பயிற்சியோ ஏதோ ஒரு வடிவில் கேட்பார்கள். அந்தந்த இடத்து விதியை விசாரிக்காமல் தொடக்கூடாது.

முதலில் காது. திடீரென்று வெடிக்கும் சத்தம் 140 டெசிபலைத் தொட்டால் பாதுகாப்பு இல்லாத காதுக்கு ஒரே தடவையில்கூட நிரந்தரச் சேதம் வரலாம் என்று தொழில் பாதுகாப்பு விதிகள் எச்சரிக்கின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பறவையின் காதுக்குள் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் அழிந்தாலும் திரும்ப முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது. விரட்டப்படுபவருக்கு இருக்கும் வசதி விரட்டுபவருக்கு இல்லை. காது உறையும் கண் கண்ணாடியும் ஒவ்வொரு முறையும் கட்டாயம்.

12 போர் துப்பாக்கியில் சுடும் வகையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தோட்டாவின் அட்டைத் துண்டோ, ஏன் வெடிக்கும் பகுதியேகூடவோ, குழலுக்குள் சிக்கிக்கொள்ளலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். எனவே ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் துப்பாக்கியைத் திறந்து, காலியாக இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மடக்கித் திறக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கியை இதற்குப் பரிந்துரைப்பது அதனால்தான். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி இதற்கு ஆகவே ஆகாது.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் கருவியை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே வைத்திருக்க வேண்டும். திரி உள்ளே மெதுவாகப் புகைந்துகொண்டிருக்கலாம். வாய்ப்பக்கம் எட்டிப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம். காய்ந்த புல், வைக்கோல், எண்ணெய்க் கிடங்கு இருக்கும் பக்கம் சுடவே கூடாது. தரையில் விழும் மிச்சத்தில் நெருப்பு இருக்கும். ஊளைவகை இன்னும் மோசம், காற்றடித்தால் திரும்பி எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது. மிச்சம் இருக்கும் தோட்டாக்களை ஈரமில்லாத, பூட்டிய பெட்டியில், வெற்றுத் தோட்டாக்களிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். சட்டைப் பையில் உதிரியாகப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவது வேண்டாம்.

பறந்துபோய் வெடிக்காமல் விழுந்ததை உடனே போய் எடுக்கக் கூடாது. விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் முழுக்கக் காத்திருந்து, அப்புறம் அவர் சொன்ன முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். தேடாமல் விட்டுவிட்டுப் போவதும் கூடாது. அடுத்து அந்த வழியாக வருவது புல்வெட்டும் இயந்திரமாக இருக்கலாம், சிறுபிள்ளையாகவும் இருக்கலாம்.